தோலுக்கடியில் ஓர் உப்புநீர்ப் பை

காதின் ஒரு பகுதியை இழந்த ஒருவருக்கு அந்தப் பகுதியை மறுபடி செய்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எலும்புக்கூட்டுக்குப் பஞ்சமில்லை. விலா ஓரத்துக் குருத்தெலும்பை எடுத்துக் காது வடிவில் செதுக்கிக்கொள்ளலாம். அதைப் போர்த்துகிற தோலில்தான் சிக்கல். காதுமடலின் தோல் மெல்லியது, முடி இல்லாதது, அடியில் கொழுப்பு அதிகம் தங்காதது. ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் ஒட்டிப் படிந்தால்தான் காது காதாகத் தெரியும். தொடையிலிருந்து எடுத்து ஒட்டினால் நிறம் ஒத்துவராது, தடிமனும் ஒத்துவராது, நாளாக ஆகச் சுருங்கவும் செய்யும். காதைச் சுற்றி இருக்கிற தோல்தான் சரியான தோல். அதுவோ போதாது.

நியூயார்க்கில் இருந்த சார்ல்ஸ் நியூமன் என்ற அறுவை மருத்துவர் இந்தப் பற்றாக்குறைக்கு ஒரு வழி கண்டார். காதை ஒட்டிய தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனைப் புதைத்தார். அதன் குழாயின் நுனியைத் தோலுக்கு வெளியே விட்டு வைத்தார். ஏறக்குறைய இரண்டு மாதம், சிறிது சிறிதாக அந்தப் பலூனைப் பெரிதாக்கிக்கொண்டே போனார். தோலின் பரப்பு பாதியளவு கூடியது. பலூனை எடுத்துவிட்டு, உபரியாகக் கிடைத்த தோலால் குருத்தெலும்பைப் போர்த்தினார். 1957இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜரி இதழில் இந்தச் செய்தி கட்டுரையாக வந்தது. டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்று இன்று உலகமெங்கும் அறுவை அரங்குகளில் சொல்லப்படுகிற சாதனத்தின் பிறப்பு அதுதான்.

பிறந்ததும் அதை மறந்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டு யாரும் அந்தக் கட்டுரையைப் பொருட்படுத்தவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய், கிருமிக்குத் திறந்துவிட்ட வாசல். உடலுக்குள் மாதக்கணக்கில் கிடக்கத் தகுந்த பொருளும் அல்ல ரப்பர். இன்னொரு காரணமும் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. தோல் உண்மையில் எப்படி நீள்கிறது, நீண்டது நிலைக்குமா என்ற கேள்விக்கு அன்று ஒருவரிடமும் உருப்படியான பதில் இல்லை. பதில் இல்லாதபோது ஒரு வெற்றியை அதிசயமாகப் பார்ப்பார்களே ஒழிய, முறையாகப் பின்பற்ற மாட்டார்கள்.

இத்தனைக்கும் தோல் இழுத்தால் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒவ்வொரு கர்ப்பிணியின் வயிறும் அதற்குச் சாட்சி. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்துப் பாட்டிகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சிறுவயதில் குத்திய ஓட்டையைப் படிப்படியாகப் பெரிதாக்கி, கனமான நகை போட்டு, தோளைத் தொடும் அளவுக்குக் காது வளர்த்தவர்கள் அவர்கள். பாம்படத்தின் எடை நாள் முழுக்க, ஆண்டு முழுக்க அந்தச் சோணையை இழுத்துக்கொண்டே இருந்தது. சோணை அறுந்துபோகவில்லை, நீண்டது. பிற்காலத்தில் நாகரிகம் மாறியபோது அதே பாட்டிகளில் பலர் நீண்ட காதை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். சுஸ்ருத சம்ஹிதையிலும் காது குத்தி ஓட்டையைப் பெரிதாக்கும் முறையும், அப்படிப் பெரிதாக்கும்போது கிழிந்த காதைச் சேர்க்கும் முறைகளும் இருக்கின்றன. ஆகவே அனுபவத்துக்குக் குறைவில்லை. அனுபவத்தைக் கணக்காக மாற்ற ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருந்தார்கள். தாமஸ் கிப்சன் பிளாஸ்டிக் சர்ஜன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பீட்டர் மெடவாருடன் சேர்ந்து தீக்காயம் பட்ட நோயாளிக்கு அடுத்தவர் தோலை ஒட்டிப் பார்த்து, இரண்டாம் முறை ஒட்டிய தோலை உடல் முன்பைவிட வேகமாக நிராகரிக்கிறது என்று 1943இல் எழுதியவர். உறுப்பு மாற்று அறிவியலின் தொடக்கங்களில் ஒன்று அந்தக் கட்டுரை. மெடவார் அந்தப் பாதையில் போய் 1960இல் நோபல் பரிசு வாங்கினார். கிப்சன் தோலின் பக்கமே தங்கிவிட்டார். ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகப் பொறியாளர் ராபர்ட் கெனடியோடு சேர்ந்து, பாலத்துக்கான எஃகைச் சோதிப்பவர்களின் நிதானத்தோடு 1960களில் தோலை இழுத்து, அளந்து, வரைபடம் போட்டார்.

அவர்கள் கண்டது இது. தோலை மெல்ல இழுக்கத் தொடங்கினால் முதலில் எதிர்ப்பே இல்லாமல் வரும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சட்டென்று விறைத்துக்கொள்ளும். அடித்தோலில் கொலாஜன் இழைகள் சுருண்டும் பின்னியும் கிடக்கின்றன. அந்தச் சுருள் நிமிரும்வரை இழுவை எளிது. நிமிர்ந்து, இழுக்கும் திசையில் வரிசையாகிவிட்ட பிறகு கொலாஜனையே இழுக்க வேண்டும், அது இலேசில் கொடுக்காது. விஷயம் அதோடு முடியவில்லை. விறைத்துப்போன தோலில் அதே இழுவிசையை விடாமல் வைத்திருந்தால், துளியும் கூட்டாமலே, தோல் மேலும் கொஞ்சம் நீளும். மறுபக்கமாகவும் பார்க்கலாம். நீட்டிய நீளத்திலேயே பிடித்து வைத்தால், பிடித்து வைக்கத் தேவையான விசை நிமிடத்துக்கு நிமிடம் குறையும். முதலாவதைப் பொறியாளர்கள் க்ரீப் என்பார்கள், இரண்டாவதைத் தளர்ச்சி என்பார்கள்.

ஏன் குறைகிறது? இங்கேதான் நீர் வருகிறது. அடித்தோலின் எடையில் சுமார் 70 சதவீதம் நீர். அது தளும்பிக்கொண்டிருக்கும் நீர் அல்ல. ஹயலுரானிக் அமிலம் போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தச் சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் சோடியம் அவற்றோடு ஒட்டும், சோடியத்தின் பின்னால் நீர் வரும். விட்டால் இந்தக் கூழ் உப்பிக்கொண்டே போகும். கொலாஜன் வலைதான் அதை உப்பவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. தோலை இழுக்கும்போது இழைகள் நெருங்கி இணையாகின்றன. முறுக்கிய ஈரத்துணியைப் போல, இடையில் இருந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. இழைகள் இன்னும் நெருங்க இடம் கிடைக்கிறது. நீர் மெதுவாகத்தான் வெளியேற முடியும் என்பதால் தோலும் மெதுவாகத்தான் நீள்கிறது. இழுப்பதை விட்டால் நீர் திரும்ப உள்ளே வரும், தோலும் பெரும்பாலும் பழைய நீளத்துக்குப் போய்விடும். ஆகத் தோலின் உறுதியைப் பற்றிப் பேசுகிறவர் அதன் நீரைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க முடியாது.

அந்த நீருக்கு ஓர் அழுத்தமும் உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஆர்தர் கைட்டன் துளையிட்ட சிறு உருண்டைகளை நாய்களின் தோலுக்கடியில் புதைத்து, வாரக்கணக்கில் ஆறவிட்டு, உள்ளே சேர்ந்த திசுநீரின் அழுத்தத்தை அளந்தார். 1963இல் வந்த முடிவு பலரை நம்பவிடாமல் செய்தது. வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சுமார் 6 மில்லிமீட்டர் பாதரசம் குறைவு. அதாவது நம் தோலுக்கடியில் சாதாரண நாளில் இருப்பது தள்ளும் அழுத்தம் அல்ல, இலேசாக உறிஞ்சும் அழுத்தம். தீக்காயத்தில் இந்தக் கணக்கு ஒரேயடியாகத் தடம் புரளும். சுட்ட தோலில் அந்த உறிஞ்சுதல் சில நிமிடங்களுக்குள் பல மடங்கு கூடிவிடுகிறது என்று நார்வேயின் பெர்கன் நகர ஆய்வாளர்கள் 1980களில் காட்டினார்கள். ரத்த நாளத்திலிருந்து நீரை இழுத்துக்கொண்டு உடனடியாக வீங்குவது அதனால்தான். தீக்காய வார்டில் முதல் நாள் பாட்டில் பாட்டிலாகத் திரவம் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு, அந்த நீர் எங்கே போகிறது என்பதற்கு இது பாதி விடை. உயிர் பிழைத்து, புண் ஆறி, தழும்பு இறுகிய பிறகு அதே நோயாளிகள்தான் நல்ல தோலுக்காகக் காத்திருப்பார்கள். எக்ஸ்பாண்டரின் முக்கியமான வாடிக்கையாளர்கள் அவர்கள்.

1970களில் கதை மறுபடி தொடங்கியது. இம்முறை ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல். வாஷிங்டனில் செடோமிர் ராடோவன். மிஷிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் எரிக் ஆஸ்டட். நியூமனிடம் இல்லாத ஒன்று இருவரிடமும் இருந்தது. அது சிலிகான். மூளைநீரை வடிக்கும் குழாய்களிலும், 1962 முதல் மார்பக இம்ப்ளாண்டுகளிலும் பழகி, உடலுக்குள் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும் என்று தெரிந்துவிட்ட பொருள்.

ராடோவன், மருத்துவ சாதனங்கள் செய்துவந்த ரூடி ஷுல்ட்டின் துணையோடு செய்த மாற்றம் பார்வைக்குச் சிறியது. குழாயை வெளியே விடாமல் முழுச் சாதனத்தையும் தோலுக்குள்ளேயே புதைத்துவிட்டார். பையிலிருந்து ஒரு குட்டிக் குழாய், அதன் நுனியில் ரூபாய் நாணயம் அளவில் ஊசி ஏற்கும் ஒரு திண்டு. தோலுக்கு மேலிருந்து விரலால் தடவினால் திண்டு தட்டுப்படும். மெல்லிய ஊசியைத் தோல் வழியே அதில் இறக்கி, கிருமி நீக்கிய உப்புநீரைச் செலுத்த வேண்டியதுதான். ஊசியை உருவியதும் ஓட்டை தானே அடைபட்டுக்கொள்ளும். உப்புநீர் ஏன் என்றால், பை கசிந்தாலும் ஆபத்தில்லை, உடல் உறிஞ்சிக்கொண்டுவிடும். 1976இல் பாஸ்டன் நகரில் நடந்த பிளாஸ்டிக் சர்ஜன்கள் மாநாட்டில் இதைச் சொன்னபோது கேட்டவர்கள் பெரிதாக நம்பவில்லை. புற்றுநோய்க்காக மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு இந்தப் பையால் இடம் உண்டாக்கி மார்பகத்தை மீட்டெடுத்த விவரம் 1982இல் அச்சில் வந்தது. சந்தேகம் அதன் பிறகு வேகமாகக் கரைந்தது. இன்று எக்ஸ்பாண்டர் அதிகம் பயன்படுவது அந்தச் சிகிச்சையில்தான்.

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன நீர்க்கணக்கு முழுவதும் அங்கே மருத்துவரின் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. பையை வைத்த காயம் ஆறச் சில வாரம் விடுவார்கள். பிறகு வாரம் ஒருமுறை ஊசி. எத்தனை மில்லி என்று முன்கூட்டி யாரும் விதிப்பதில்லை. நோயாளி இறுக்கமாக இருக்கிறது, வலிக்கத் தொடங்குகிறது என்பார். மருத்துவர் மேட்டின் உச்சியை விரலால் அழுத்தி எடுப்பார். வெளுத்த இடம் உடனே சிவந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். வெளுத்தே கிடந்தால் நிறுத்த வேண்டும், ஏற்றியதில் கொஞ்சம் திரும்ப எடுக்கவும் வேண்டும். மனித விரல் நகத்தோரத்து நுண்நாளங்களில் ரத்த அழுத்தம் உள்ளே வரும் முனையில் 32, வெளியேறும் முனையில் 12 மில்லிமீட்டர் பாதரசம் என்று யூஜின் லாண்டிஸ் 1930இல் அளந்து வைத்திருக்கிறார். அந்தச் சன்னமான அழுத்தத்தை அமுக்கி நிறுத்திவிட்டால் தோல் செத்துப்போகும். ஊசி போடும் நேரத்தில் பைக்குள் அழுத்தம் அந்த அளவைத் தாண்டிப் போவதுண்டு. ஆனால் நிமிடங்களில் இறங்கத் தொடங்கிவிடும். கிளாஸ்கோவில் அளந்த அதே தளர்ச்சிதான். இழைகள் வரிசையாகின்றன, நீர் விலகுகிறது, தோல் இடம் கொடுக்கிறது. இந்த ஒரு குணத்தை மட்டும் நம்பி அறுவை மேசையிலேயே காரியத்தை முடித்துக்கொள்பவர்களும் உண்டு. பையைச் சில நிமிடம் நிரப்பி, சில நிமிடம் விட்டு, மறுபடி நிரப்பி, காயத்தை மூட அந்த இரண்டு சென்டிமீட்டர் கிடைத்தால் போதும் என்று.

வாரக்கணக்கில் செய்யும்போது நடப்பது வேறு. தலையிலோ கழுத்திலோ புடைத்து நிற்கும் மேட்டோடு நோயாளி இரண்டு மூன்று மாதம் வாழ வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது எளிதல்ல. பை வெளியே தெரிந்துவிடலாம், சீழ் பிடிக்கலாம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டால் கிடைப்பது, நிறமும் தடிமனும் உணர்ச்சியும் பொருந்திய, ரத்த ஓட்டம் அறாத பக்கத்து வீட்டுத் தோல். தீயில் முடி போன தலைக்கு முடியோடு கூடிய தோல் வேறெங்கிருந்தும் கிடைக்காது. விரித்தபோது புது மயிர்க்கால்கள் முளைப்பதில்லை, இருப்பவைதான் விலகி நிற்கின்றன. ஆனாலும் இரண்டு மடங்குவரை விலகினால் பார்ப்பவர் கண்ணுக்கு அடர்த்தி குறைந்தது தெரிவதில்லை.

சரி, இந்தக் கூடுதல் தோல் எங்கிருந்து வந்தது? ஆஸ்டட் விடாமல் கேட்டது இதைத்தான். அவரும் சக ஆய்வாளர்களும் 1986இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, விரிந்த திசு நமக்குக் கிடைத்த லாபமா, வாங்கிய கடனா என்று கேட்டது. மருத்துவ இதழ்களில் இவ்வளவு நேரடியான தலைப்பு அபூர்வம். கடன் என்றால், பக்கத்துத் தோலை இழுத்து, இருப்பதை மெலிதாக்கி, நீரைப் பிழிந்து கிடைத்த பரப்பு. என்றைக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். லாபம் என்றால் புதிதாக வளர்ந்தது. கினிப் பன்றிகளில் பார்த்தார்கள். பையை நிரப்பிய பிறகு மேல்தோலில் செல் பிரிவது அதிகரித்தது. மேல்தோல் மெலியவில்லை, தடித்தது. அவ்வளவில் அது லாபம். அடித்தோல் மெலிந்தது, அடியில் இருந்த கொழுப்பும் தசையும் தேய்ந்தன. அது கடன். பையைச் சுற்றி நாரான உறை உண்டாகி, அதன் ஓரத்தில் புது ரத்த நாளங்கள் நிறைந்தன. இது யாரும் எதிர்பார்க்காத கொசுறு. விரித்த தோலிலிருந்து வெட்டி நகர்த்திய மடல்கள், விரிக்காத தோலின் மடல்களைவிட அதிக நீளத்துக்கு உயிரோடு இருக்கின்றன என்று பன்றிகளில் அவர்களே முன்பு காட்டியிருந்தார்கள்.

ஆஸ்டட்டின் சொந்தச் சாதனம் ராடோவனுடையதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் தோற்றது. வாராவாரம் ஊசி ஏன் என்று யோசித்தார். நீரை ஊடுருவ விடும் சிலிகான் பைக்குள் அடர்த்தியான உப்புக் கரைசலை அடைத்துத் தோலுக்கடியில் வைத்தார். உப்பு, சுற்றியிருக்கும் திசுநீரைத் தானே இழுக்கும். பை தானே பெருக்கும். நோயாளியின் உடம்பே நோயாளிக்கு நீர் ஏற்றுகிற ஏற்பாடு. வேகத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை, மெதுவாக இருந்தது. பை உடைந்தால் அத்தனை உப்பும் திசுவில் கொட்டி அதைக் கொல்லும். எனக்கென்னவோ இந்தக் கதையில் மிக அழகான தோல்வி இதுதான்.

யோசனை வீணாகவில்லை. ஜெர்மனியின் கார்ல் கியோர்க் வீசே 1993இல் உப்பை விட்டுவிட்டு, மென்மையான கான்டாக்ட் லென்ஸின் உறவான ஹைட்ரோஜெல்லை எடுத்தார். காய்ந்த நிலையில் சின்னஞ்சிறு உருண்டை. திசுநீரைக் குடித்துக் குடித்து, கனஅளவில் பல மடங்காகும், எந்த அளவோடு நிற்கும் என்பதையும் செய்யும்போதே தீர்மானித்துவிடலாம். கண் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு இது பெரிய உதவி. கண்குழியில் வளர ஒன்றும் இல்லாவிட்டால் குழியும் இமைகளும் சிறியதாகவே நின்றுவிடும், முகத்தின் அந்தப் பக்கம் பின்தங்கும். இந்த உருண்டை மெல்ல ஊறிப் பெரிதாகி, செயற்கைக் கண் உட்காரும் இடத்தை உண்டாக்கித் தருகிறது.

அதே வகை ஜெல்தான் ஆஸ்டட்டின் கேள்வியையும் மறுபடி திறந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரில் செட்ரிக் பிளான்பேனின் ஆய்வகம், எலியின் தோலுக்கடியில் தானே பெருக்கும் ஜெல்லை வைத்து, மேல்தோலின் ஒவ்வொரு குருத்தணுவின் வாரிசுகளையும் நிறம் போட்டுத் தொடர்ந்தது. மரியாசெலெஸ்தே அரகோனா முதலாசிரியராக 2020இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: சாதாரண நாளில் ஒரு குருத்தணு பிரியும்போது, சராசரியாக ஒன்று குருத்தணுவாகவே தங்கும், மற்றொன்று முதிர்ந்து மேலே போய் உதிரும். வரவும் செலவும் சமம். தோல் இழுபடும்போது இந்தச் சமநிலை தற்காலிகமாகச் சாய்கிறது, குருத்தணுக்களாகத் தங்குபவை கூடுகின்றன. தேவையான பரப்பு கிடைத்ததும் பழைய சமநிலைக்குத் திரும்புகின்றன. செல்லோடு செல்லைப் பிணைக்கும் முடிச்சுகள் இழுவையை உணர்ந்து உள்ளே செய்தி அனுப்புகின்றன. மேல்தோலைப் பொறுத்தவரை லாபம் என்ற பக்கம் ஜெயித்துவிட்டது. அடித்தோலின் கொலாஜனுக்கு அவ்வளவு சுலபமான தீர்ப்பு கிடையாது. அது மெலிகிறது, பிறகு மெல்ல மீள்கிறது.

அறுவை மருத்துவர் இந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க முடியாது, அவருக்கு வேண்டியது சதுர சென்டிமீட்டர். தொடக்கத்தில் கணக்கு எளிதாகத் தோன்றியது: புடைத்த மேட்டின் பரப்பிலிருந்து பையின் அடிப்பரப்பைக் கழித்தால் மிஞ்சுவது உபரித் தோல். நெதர்லாந்தின் வான் ராப்பார்ட் 1980களின் இறுதியில் உண்மையிலேயே அளந்து பார்த்தபோது, காகிதக் கணக்கில் ஒரு பகுதிதான் கையில் கிடைக்கிறது என்று தெரிந்தது. வட்டப் பையில் 25 சதவீதம், பிறைவடிவப் பையில் 32, செவ்வகப் பையில் 38. பையை எடுத்ததும் தோல் உள்வாங்கிக்கொள்கிறது. மேட்டின் ஒரு பங்கு சுற்றுப்புறத்திலிருந்து இரவல் வந்தது. எனவே இன்றைக்கு மூட வேண்டிய இடத்தைப் போல இரண்டரை மடங்கு அடிப்பரப்புள்ள பையை, கூடுமானவரை செவ்வகமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பையில் அச்சிட்டிருக்கும் கொள்ளளவைத் தாண்டியும் கொஞ்சம் நிரப்புகிறார்கள். அறுவைக்கு நாள் குறித்த பிறகும் உடனே கத்தியை எடுக்காமல், கடைசியாக ஏற்றிய நீரோடு தோலைச் சில வாரம் அப்படியே விட்டு வைப்பவர்கள் பலர்.